ரேடார் கேபிளில் கத்தி வைக்கும் முன்

பாய்மரப் படகில் ரேடார் மக்கர் செய்தால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது பாய்மரத்தின் மேலே ஆன்டெனாவை மூடியிருக்கும் டோமைத்தான். ஆளை ஏற்றி அதை இறக்கி, சர்வீஸுக்கு அனுப்பி, 'கருவியில் குறை எதுவும் இல்லை' என்ற சீட்டோடு திரும்பி வந்த பிறகுதான் கேபிள் பக்கம் பார்வை போகிறது. பெரும்பாலும் வில்லங்கம் பாய்மரத்தின் அடியில், யாரோ ஒருவர் வெட்டி இணைத்த ஓரிடத்தில் இருக்கும். பிரித்துப் பார்த்தால் வேலை சுத்தமாகவே இருக்கலாம். தேர்ந்தெடுத்த இடம்தான் தப்பு.

முழுசாக வந்த கேபிளை ஏன் வெட்டுகிறார்கள்? தொழிற்சாலையில் பொருத்திய கனெக்டர் பெருவிரல் தடிமன் இருக்கும். பாய்மரத்தில் போட்ட துளை அதைவிடச் சின்னதாக இருக்கும். உடனே கனெக்டரை நறுக்கிவிட்டு கேபிளை உள்ளே விடுகிறார்கள். துளை போடும் முன்பே இதை யோசித்திருக்க வேண்டும். ரேடார் கேபிள்கள் 10, 15, 20 மீட்டர் என்று பல நீளங்களில் கிடைக்கின்றன. சில தயாரிப்பாளர்கள் ஒரு முனையில் கனெக்டர் பொருத்தாமலே தருவார்கள், கடைசியில் நாமே மாட்டிக்கொள்ளலாம். அது இல்லாவிட்டால் துளையைத்தான் பெரிதாக்க வேண்டும். வட்டமாக அகலப்படுத்தாமல், பாய்மரத்தின் நீளவாக்கில் முட்டை வடிவில் நீட்டுங்கள். பாய்மரத்தைத் தாங்கும் பக்கவாட்டுக் கம்பிகள் இழுக்கும் இடங்களுக்கு அருகில் துளை வேண்டாம். அலுமினிய விளிம்பை அரத்தால் தேய்க்காமலும் ரப்பர் வளையம் மாட்டாமலும் கேபிளை இழுத்தால், அந்த விளிம்பே ஒன்றிரண்டு பருவத்தில் மேலுறையை அறுத்துவிடும்.

நீளத்தை அளக்கும்போது வரைபடத்தை நம்பாதீர்கள், கயிற்றைப் போட்டு அளந்து பாருங்கள். 11 மீட்டர் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். டோம் மேல்தளத்திலிருந்து 7 மீட்டர் உயரத்தில். பாய்மரம் மேல்தளத்தைத் துளைத்து அடிக்கட்டை வரை போகிறது என்றால் அதற்கு இன்னும் 2 மீட்டர். அங்கிருந்து சார்ட் மேசைக்கு (கடல் வரைபடம் விரிக்கும் மேசை) 3, மேசையிலிருந்து சுக்கான் பக்கமுள்ள திரைக்கு 5. மொத்தம் 17 ஆகிவிட்டது. வளைவுகளும் உபரியும் சேர்த்தால் 20 மீட்டர் கேபிளே குறைந்தபட்சம். பணத்தை மிச்சம் பிடிக்க 15 வாங்கியவர்தான் பிறகு ஒட்டுப்போட உட்காருகிறார்.

சரி, வெட்டியே ஆக வேண்டிய நிலைமையும் வரும். குளிர்காலத்தில் பாய்மரத்தைக் கழற்றிக் கரையில் கிடத்தும் ஊர்களில் அடிப்பகுதியில் ஒரு பிரிப்பு இல்லாமல் முடியாது. அப்போது எதை வெட்டுகிறோம் என்று தெரிந்து வெட்ட வேண்டும். மேக்னட்ரான் (ரேடார் அலையை உண்டாக்கும் குழல்) வைத்த பழைய ரேடார்களின் தடித்த கேபிளுக்குள் மின்சாரம், கட்டுப்பாட்டு ஒயர்கள், ஷீல்டு போட்ட ஒரு கோஆக்ஸ் (சிக்னல் கொண்டுபோகும் ஒயர்) எல்லாம் ஒரே உறையில் கிடக்கும். கோஆக்ஸ் தனக்கென ஒரு மின்மறுப்போடு செய்யப்பட்டது. நடுவில் அதை உரித்து முறுக்கி டேப் சுற்றினால் அந்த இடத்தில் மின்மறுப்பு மாறி, சிக்னலில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பும். திரையில் படம் மங்கும், இழுபடும். இந்த வகைக்குத் தயாரிப்பாளரே இணைப்புப் பெட்டி விற்றால் அதை வாங்குங்கள். விற்காவிட்டால் வெட்டாதீர்கள்.

புதிய ரேடார்களில் பெரும்பாலும் ஒரு ஜோடி மின் ஒயரும் ஒரு ஈத்தர்நெட் கேபிளும்தான். ஈத்தர்நெட் என்றால் எளிது என்று நினைத்து எட்டு ஒயரையும் வண்ணம் பார்த்து ஒட்டுபவர்கள் உண்டு. ஜோடி ஜோடியாக அந்த ஒயர்களை முறுக்கியிருப்பது வெளி இரைச்சலைத் தடுக்கத்தான். கேட்-5இ என்ற ஈத்தர்நெட் வகைக் கேபிளில் முனையில் 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக்கூடாது. எட்டு ஒட்டுகளுக்கு இடம் வேண்டுமென்று ஒரு சாண் பிரித்துவிட்டால், துறையில் நிற்கும்போது எல்லாம் ஓடும். ஆட்டோபைலட் மோட்டார் முனகத் தொடங்கியதும் படம் உறைந்துபோகும். ஈத்தர்நெட்டை வெட்டினால் இரு முனைக்கும் முறையான பிளக் போட்டு, தண்ணீர் புகாத கப்ளரில் இணைப்பதே வழி. குவாண்டம், டிஆர்எஸ்4டபிள்யூ போன்ற மாடல்கள் படத்தை வைஃபையில் அனுப்பும், மேலே மின் ஒயர் மட்டும் போனால் போதும். பழைய படகுக்கு இது நிம்மதி. எஃகு, அலுமினிய, கார்பன் படகுகளில் மட்டும் உள்ளே சிக்னல் வருகிறதா என்று முதலிலேயே சோதித்துக்கொள்ளுங்கள்.

மின் ஜோடியை ஒட்டலாம், ஆனால் கணக்குப் போட்டு ஒட்ட வேண்டும். 12 வோல்ட்டில் 30 வாட் ரேடார் 2.5 ஆம்பியர் இழுக்கும். 20 மீட்டர் தூரம் என்றால் போகவர 40 மீட்டர் செம்பு. 1.5 சதுர மி.மீ. ஒயரில் இதன் தடை ஏறக்குறைய 0.46 ஓம், வோல்ட்டேஜ் இழப்பு 1.1 வோல்ட்டுக்கு மேல். முக்கியமான கருவிகளுக்கு 3 சதவீத இழப்பைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கப் படகுத்துறைத் தரமான ஏபிஒய்சி சொல்வது. 12 வோல்ட்டில் அது 0.36 வோல்ட்தான். 6 சதுர மி.மீ. போட்டால்தான் இழப்பு 0.29க்கு இறங்கும். கரை மின்சாரத்தில் சார்ஜர் ஓடும்போது பேட்டரி 13.6 காட்டுவதால் இந்தக் குறை தெரியவே தெரியாது. நடு இரவில், எஞ்சின் அணைந்து, பேட்டரி 12.1க்கு வந்த நேரத்தில் ரேடாரை டிரான்ஸ்மிட்டுக்கு மாற்றுவீர்கள். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அது மறுபடி முதலிலிருந்து துவங்கும். கப்பல் வழித்தடத்தில், மூடுபனியில், இதைப் பார்த்துக்கொண்டு நிற்பது நரகம்.

ஒட்டும் முறையிலும் ஒரு பிடிவாதம் தேவை. வெறும் சாலிடர் மட்டும் போட்ட இணைப்பு படகில் நிற்காது. சாலிடர் முடியும் இடத்தில் ஒயர் விறைத்துவிடும், அதிர்வு அங்கேதான் முறிக்கும். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர், ராட்செட் கிரிம்பர் (இணைப்பை நசுக்கிப் பிடிக்க வைக்கும் இடுக்கி), உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும்) உறை, இந்த மூன்றில் எதையும் விட்டுவிடாதீர்கள். பசையில்லாத ஷ்ரிங்க் பார்வைக்கு நன்றாக இருக்கும், தண்ணீரை நிறுத்தாது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் உப்புத் தண்ணீர் செம்பு இழைகளுக்குள் ஊறி மேலேறும். ஆறு மாதம் கழித்து ஒட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி உரித்தாலும் உள்ளே கறுப்பாக இருக்கும். அப்படிக் கறுத்த ஒயரைச் சுரண்டிப் பயன்படுத்தாதீர்கள், பளபளப்பு தெரியும்வரை வெட்டித் தள்ளுங்கள்.

இன்னொரு எதிரி சிலிக்கோன் பசை. கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கோன் காயும்போது வினிகர் வாடை அடிக்கும். அது அசிட்டிக் அமிலம், செம்பை அரிக்கும். 'நன்றாக அடைத்துவிட்டேன்' என்று கனெக்டருக்குள் அதைப் பிதுக்குபவர் நல்லெண்ணத்தோடுதான் கெடுக்கிறார். அடைக்கவேண்டுமென்றால் நியூட்ரல் வகையை வாங்குங்கள். கனெக்டர்களைச் சுற்றத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் போதும், அதன்மேல் வெயில் தாங்கும் ஒரு சுற்று.

இப்போது, ஒட்டு வைக்கும் இடம். பாய்மரத்தின் உட்புறம் மழையில் ஓடை. கயிறு நுழையும் வாய்கள் வழியாக இறங்கும் தண்ணீரெல்லாம் அடிக்கட்டையில் சேர்ந்து பில்ஜுக்கு, அதாவது படகின் அடிக்குழிக்கு, போகிறது. அங்கே இணைப்பு வைப்பதும் தண்ணீர்த் தொட்டிக்குள் வைப்பதும் ஒன்று. கேபிளை அடிக்குக் கொஞ்சம் மேலேயே வெளியே எடுத்து, கேபினுக்குள் இருக்கைக்குப் பின்னாலோ கூரைப் பலகைக்கு மேலோ, கை எட்டும் காய்ந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். பாய்மரம் மேல்தளத்தின்மீதே நிற்கும் படகுகளில் வெளியே பிளக் சாக்கெட் வைப்பதைவிட, கேபிளை முழுதாக உள்ளே இறக்கும் வளைகழுத்துக் குழாயோ நல்ல சீல் வளையமோ மேல். பிரிப்பு கூரைக்கு அடியில் இருக்கட்டும். இணைப்புக்கு முன் கேபிளை ஒருமுறை கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள். வடியும் துளி அந்தத் தொங்கலில் சொட்டிவிடும்.

பாய்மரத்துக்குள் குழாய் இருந்தால் ஒயர் இழுக்கும் ஸ்பிரிங் போட்டு இழுங்கள். அடுத்த ஒயருக்கு ஒரு இழுகயிற்றையும் உள்ளேயே விட்டுவிடுங்கள். குழாய் இல்லையென்றால், பாய்மரம் கீழே கிடக்கும்போதே மீட்டருக்கு மூன்று நீள கேபிள் டைகளை கேபிளில் கட்டி, வால்களை நறுக்காமல் மூன்று திசையில் விரித்து விடுங்கள். அந்த வால்கள் சுவரில் ஊன்றிக்கொள்ளும், நங்கூரத்தில் இரவெல்லாம் டக் டக் என்று அடிக்காது. கேபிளின் மொத்த எடை டோமின் கனெக்டரில் தொங்கக்கூடாது, நுழைதுளைக்குப் பக்கத்தில் ஒரு பிடி தேவை. பாய் ஏற்றும் கயிறு ஓடும் அறையில் கேபிளை விட்டால், அந்தக் கயிறு அதை அறுப்பது நிச்சயம்.

மின் ஒயர் காந்தத் திசைகாட்டிக்கு அருகில் போகிறதென்றால் பிளஸ் ஒயரையும் மைனஸ் ஒயரையும் சேர்த்து முறுக்கிவிடுங்கள், ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது தணிக்கும்.

சோதனையைப் பாய்மரம் நிமிரும் முன் செய்யுங்கள். தாங்கிகளில் கிடக்கும்போதே டோமை மாட்டி, சார்ஜரை அணைத்துவிட்டு, பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். டோமின் முன்னால் யாரும் நிற்க வேண்டாம். டிரான்ஸ்மிட் ஓடும்போது மின் இணைப்பின் கடைசி முனையில் மல்டிமீட்டரை வையுங்கள், பேட்டரி முனையில் கிடைக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பிறகு ஒவ்வொரு ஒட்டையும் கையால் ஆட்டி, படம் துடிக்கிறதா பாருங்கள். கிரேன் வாடகை மணிக்கணக்கில் ஓடத் தொடங்கிய பிறகு இதையெல்லாம் யாரும் செய்வதில்லை.