காயில் கருகாமல் கார் சப்-வூஃபருக்கு ஆம்ப் பொருத்துவது எப்படி?

போர்வெல் மோட்டார் வாங்கப் போனால் ஹெச்பி, ஸ்டேஜ், கேபிள் சைஸ் எல்லாம் கேட்டு, ஆழம் கணக்குப் போட்டுத்தான் கொங்கு நாட்டில் யாரும் பணத்தை எடுப்பார்கள். அதே ஆள் காருக்கு சப் (பேஸ் சத்தத்துக்கான சப்-வூஃபர் ஸ்பீக்கர்) வாங்கும்போது அட்டைப்பெட்டியில் இருக்கும் '2000 வாட்ஸ்' என்ற எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவார். அது பீக் கணக்கு. கண் இமைக்கும் நேரம் தாங்குவது. அதை விட்டுவிடுங்க. பார்க்க வேண்டியது இரண்டே எண்கள்: ஓம்ஸ் (மின்தடை), ஆர்எம்எஸ் வாட்ஸ் (ஆம்ப் தொடர்ந்து தருவது, சப் தொடர்ந்து தாங்குவது).

ஆம்ப் (சப்பை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) விற்பவர் சொல்லும் வாட்ஸ் உண்மையா என்று கடையிலேயே சோதிக்கலாம். ஆம்ப்பில் சொருகியிருக்கும் ஃப்யூஸ்களின் ஆம்பியரைக் கூட்டி 13.8-ஆல் பெருக்குங்கள். கிளாஸ் டி ஆம்ப் என்றால் அதில் சுமார் 80 சதவீதம், ஏபி கிளாஸ் என்றால் பாதி அல்லது கொஞ்சம் கூட, வெளியே வரும். 30 ஆம்பியர் ஃப்யூஸ் உள்ள ஏபி ஆம்ப் உள்ளே எடுப்பதே 414 வாட்ஸ்தான். அதிலிருந்து 2000 எப்படி வரும்?

முதலில் ஓம்ஸ்

இப்போது விற்கும் சப்களில் பெரும்பாலானவை டபுள் காயில், அதாவது கோனை அசைக்கும் கம்பிச்சுருள் இரண்டு உள்ளவை. அதை எப்படி இணைக்கிறோம் என்பதில்தான் ஆம்ப் பிழைப்பதும் சாவதும். இரண்டு 4 ஓம் காயிலை பேரலலாகக் கட்டினால் (பிளஸ் இரண்டும் ஒன்றாக, மைனஸ் இரண்டும் ஒன்றாக) 2 ஓம். சீரியலாகக் கட்டினால், அதாவது முதல் காயிலின் மைனஸை இரண்டாவதன் பிளஸுக்குக் கொடுத்து மீதி இரு முனைகளை ஆம்ப்புக்குக் கொண்டுபோனால், 8 ஓம். இரண்டு 2 ஓம் காயில் என்றால் பேரலலில் 1, சீரியலில் 4.

மோனோ ஆம்ப்பின் (ஒரே சேனல் உள்ளது) தகட்டில் குறைந்தபட்ச ஓம்ஸ் எவ்வளவு என்று இருக்கும். அதற்குக் கீழே போகக் கூடாது. 2 சேனல் ஆம்ப்பை பிரிட்ஜ் செய்பவர்கள்தான் (இரு சேனலையும் சேர்த்து ஒரே சப்புக்குக் கொடுப்பவர்கள்) அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பிரிட்ஜ் செய்தால் ஒவ்வொரு சேனலும் பாதி ஓம்ஸைத்தான் பார்க்கும். ஒரு சேனலுக்கு 2 ஓம் வரை தாங்கும் ஆம்ப், பிரிட்ஜில் 4 ஓம்தான் தாங்கும். அதில் 2 ஓம் சப்பை மாட்டினால் சேனலுக்கு 1 ஓம்; புரொடெக்ட் லைட் எரியும், அல்லது உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் போகும். அப்படி ஆம்ப் ஏற்கெனவே இருந்தால் டபுள் 2 ஓம் சப் வாங்கி சீரியலில் கட்டுங்கள், சரியாக 4 வரும்.

கட்டும் முன் ஒவ்வொரு காயிலையும் தனியாக மல்டிமீட்டரில் பாருங்கள். 4 ஓம் காயில் 3.2 முதல் 3.8 வரை காட்டும், அது சரிதான். இரண்டு காயிலும் ஒரே திசையில் தள்ளுகிறதா என்று 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். பிளஸைப் பிளஸில் வைத்தால் கோன் வெளியே வர வேண்டும். ஒரு காயில் மாறியிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து, சத்தம் வராது, சூடு மட்டும் ஏறும். ஒரு காயிலை மட்டும் மாட்டி ஓட்டினால் சப் தாங்கும் வாட்ஸ் பாதியாகிவிடும்.

அடுத்து ஆர்எம்எஸ். நீங்கள் கட்டிய அந்த ஓம்ஸில் ஆம்ப் தரும் ஆர்எம்எஸ், சப்பின் ஆர்எம்எஸுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். 400 வாட்ஸ் சப்புக்கு 300 முதல் 500 வரை ஓகே. சின்ன ஆம்ப் போட்டால் காயில் கருகும் என்று சொல்வார்கள். கருக்குவது சின்ன ஆம்ப் அல்ல, சத்தம் பத்தவில்லை என்று கெயினை (ஆம்ப்பில் உள்ள லெவல் திருகு) முழுதாகத் திருப்பும் கைதான். அப்படித் திருப்பி ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டால் 300 வாட்ஸ் ஆம்ப்பிலிருந்தும் ஏறக்குறைய இரு மடங்கு வரை சூடு காயிலுக்குப் போகும்.

ஒயரும் ஃப்யூஸும்

400 வாட்ஸ் கிளாஸ் டி ஆம்ப் முழு வேகத்தில் சுமார் 36 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் என்று வைத்தால், 16 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரில் 0.2 வோல்ட்தான் குறையும். கிட் என்று பளபளப்பாக விற்கும் பல ஒயர்கள் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. அதே கனத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் குறையும். முனையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் வெள்ளை தெரியும். பட்டறைகளுக்கு விற்கும் 16 ஸ்கொயர் செம்பு வெல்டிங் கேபிள் இதற்கு நன்றாகவே ஒத்துவரும். எண்ணெயும் சூடும் படாமல் ஸ்லீவ் போட்டுவிட்டால் போதும்.

வேலை தொடங்கும்முன் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். மெயின் ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்ப் பக்கத்தில் போட்டால் பயனில்லை: ஒயர் வழியில் எங்காவது உரசி பாடியைத் தொட்டால், எரியப்போவது ஃப்யூஸுக்கு முன்னால் உள்ள பகுதிதான். இந்தச் செட்டுக்கு 60 ஆம்பியர் போதும். ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) ஓட்டையில் ரப்பர் கிராமெட், அதாவது ஒயர் உரசாமல் காக்கும் வளையம், கட்டாயம். ஆர்சிஏ ஒயரை (ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோவது) காரின் மறுபக்கமாகக் கொண்டுபோங்கள்.

எர்த்துக்கும் அதே 16 ஸ்கொயர் ஒயர்தான், அரை மீட்டருக்கு மேல் வேண்டாம். போல்ட் போடும் இடத்தில் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து வெறும் இரும்பு தெரிய வைத்து ஒயர் முனையில் உள்ள லக்கை இறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் கை வைக்காதீர்கள்.

சப் பெட்டியை எல்-கிளாம்ப் போட்டு டிக்கியோடு பிடியுங்கள். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் கட்டாத 20 கிலோ பெட்டி என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கெயின்: மீட்டர் வைத்து, காது வைத்து அல்ல

சப் ஒயரை ஆம்ப்பிலிருந்து கழற்றிவிடுங்கள். பேஸ் பூஸ்ட் பூஜ்யம், ஈக்வலைசர் நேராக, லோ பாஸ் (கீழ் ஒலியை மட்டும் விடும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸ், கெயின் முழுக்கக் கீழே. பென் டிரைவில் 50 ஹெர்ட்ஸ் சைன் டோனை 0 டிபி அளவில் போட்டு ஓட்டுங்கள். சாதாரண மீட்டர் நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் கரன்ட்டுக்காகச் செய்தது என்பதால் இந்த டோனில் சரியாகக் காட்டும். ப்ளூடூத்தில் லெவல் மாறும், வேண்டாம். ஸ்டீரியோ வால்யூமை முக்கால்வாசியில் நிறுத்துங்கள்.

எத்தனை வோல்ட் வர வேண்டும்? வாட்ஸை ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 400 வாட்ஸ், 2 ஓம்: 800-இன் வர்க்கமூலம் 28.3. மீட்டரை ஏசி 200-இல் வைத்து, ஆம்ப் அவுட்புட்டில் 28.3 காட்டும்வரை கெயினை மெதுவாக ஏற்றி அங்கேயே விடுங்கள். ஆம்ப்பின் ஆர்எம்எஸ் சப்பைவிட அதிகமென்றால் சப்பின் வாட்ஸைப் போட்டுக் கணக்கிடுங்கள். வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் சப்பை மாட்ட வேண்டும்.

இதற்குப் பின் வரும் தொல்லைகளை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. ஆக்ஸிலரேட்டரோடு ஏறி இறங்கும் 'ஙீ' சத்தம் வந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள். பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கினால் ஒயரோ பேட்டரியோ பத்தவில்லை, அல்லது ஆல்டர்னேட்டர் சின்னது. கத்திரி வெயிலில் ஈரோட்டுப் பக்கம் நிறுத்தி எடுத்த காரில் அரை மணியில் ஆம்ப் நின்று, ஆறியதும் மறுபடி பாடினால், அது சூட்டுக்கான கட்-ஆஃப். கார்ப்பெட்டுக்கு அடியிலிருந்து எடுத்து 5 சென்டிமீட்டராவது காற்று விடுங்கள். வார்னிஷ் வாசனை வந்தால் உடனே அணைத்து, ஆறியபின் காயிலை அளவெடுங்கள். 4 ஓம் காயில் ஒன்றுக்குக் கீழே காட்டினால் ஷார்ட், ஒன்றுமே காட்டாவிட்டால் ஓப்பன். மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு அதை எடுத்துப் போகாதீர்கள். இது ஸ்பீக்கர் ரீகோன் செய்பவர் (கோனும் காயிலும் மாற்றுபவர்) வேலை.