பழைய சோலாரிஸ் சர்வரை டேப்பிலிருந்து மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இரண்டு இளம் அட்மின்கள் ஒரு சன் என்டர்பிரைஸ் 450 சர்வரை டேப்பிலிருந்து மீட்டுக்கொண்டிருந்தார்கள். சன் நிறுவனத்தின் யூனிக்ஸ் இயங்குதளமான சோலாரிஸ் 8, டிஎல்டி (ஒருவகை டேப்) டிரைவ், புது டிஸ்க். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இருபது வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறுகள், ஏறக்குறைய அதே வரிசையில். அதனால்தான் இதை எழுதுகிறேன். டேப்புக்கு லேபிள் ஒட்டுவது, டிரைவைச் சுத்தம் செய்வது எல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

0-க்குப் பின்னால் ஒரு 'என்'

சோலாரிஸில் முதல் டேப் டிரைவின் பெயர் /டெவ்/ஆர்எம்டி/0. அதே டிரைவுக்கு 0என் என்று இன்னொரு பெயரும் உண்டு. 0 என்று கொடுத்தால், கட்டளை முடிந்ததும் டேப் தானாகத் தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். 0என் என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். வித்தியாசம் இவ்வளவுதான்.

அந்த இரண்டு பேரும் டேப்பில் மூன்றாவதாக இருந்த டம்ப்பை (ஒரு ஃபைல் சிஸ்டத்தின் பேக்கப் நகலை) பிடிக்க, டேப்பை நகர்த்தும் எம்டி கட்டளையில் 'எஃப்எஸ்எஃப் 2' கொடுத்தார்கள். டிரைவின் பெயர் 0. டேப் இரண்டு டம்ப்புகளைத் தாண்டிப் போனது, எம்டி முடிந்ததும் முதலுக்கே திரும்பிவிட்டது. அப்புறம் டம்ப்பைப் பிரித்து டிஸ்க்கில் இறக்கும் யுஎஃப்எஸ்ரீஸ்டோரை ஓட்டினார்கள். பயனர்களின் கோப்புகள் இருக்கும் /எக்ஸ்போர்ட்/ஹோமுக்காக வைத்திருந்த இடத்தில், சிஸ்டத்தின் அடிப்படைக் கோப்புகள் உள்ள ரூட் வந்து இறங்கியது. மறுபடி நியூஎஃப்எஸ் போட்டு அந்த இடத்தைக் காலியாக்கி ஆரம்பித்தார்கள், ஒரு மணி நேரம் வீண்.

மீட்கும்போது இந்த எழுத்தை விட்டால் நேரம்தான் போகும். பேக்கப் எடுக்கும்போது விட்டால் தரவே போய்விடும். எனக்குப் போயிருக்கிறது. இன்று நினைத்தாலும் எரிச்சல் அடங்குவதில்லை.

நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் பேக்கப் ஸ்கிரிப்டில் ஒரே ஒரு யுஎஃப்எஸ்டம்ப் (டம்ப் எடுக்கும் கட்டளை) வரி இருந்தது. /எக்ஸ்போர்ட்/ஹோமை 0-வில் எழுதும். ஒரே டம்ப் என்பதால் டேப் திரும்பிச் சுற்றினாலும் பாதகமில்லை. பிறகு இன்னொரு டிஸ்க் சேர்த்து, கூடுதல் மென்பொருள்கள் இருக்கும் /ஆப்ட்டை அதற்கு மாற்றினோம். அதுவும் பத்திரமாக இருக்கட்டும் என்று அந்த வரியைப் பிரதி எடுத்துக் கீழே ஒட்டி, பெயரை மட்டும் மாற்றினேன். அன்று இரவிலிருந்து நடந்தது இதுதான்: முதல் வரி /எக்ஸ்போர்ட்/ஹோமை முழுவதும் எழுதும், டேப் தொடக்கத்துக்கு வரும், இரண்டாவது வரி அதன் மேலேயே /ஆப்ட்டை எழுதும்.

எந்த இடத்திலும் பிழைச் செய்தி வரவில்லை. லாகில் 'டம்ப் ஈஸ் டன்' இரண்டு முறை இருந்தது. டம்ப் எடுத்த தேதிகளைக் குறித்துவைக்கும் /ஈடிசி/டம்ப்டேட்ஸில் இரண்டு ஃபைல் சிஸ்டத்துக்கும் அன்றன்றைய தேதி இருந்தது. பேக்கப் ஓடிய நேரமும் இரண்டுக்கும் சேர்த்துச் சரியாகத்தான் இருந்தது. பல மாதங்கள் தினமும் காலையில் அந்த லாகைப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறேன். /எக்ஸ்போர்ட்/ஹோம் இருந்த டிஸ்க் செத்த அன்று, சுழற்சியில் இருந்த டேப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். எல்லாவற்றிலும் /ஆப்ட் மட்டும். /ஆப்ட் சிறியது, அதனால் அதற்குப் பின்னால் பழைய டம்ப்பின் பெரும்பகுதி டேப்பில் அப்படியே கிடந்தது. ஆனால் புதிதாக எழுதி முடித்த இடத்தில் 'தரவு முடிந்தது' என்ற குறி விழுந்துவிடும். அதைத் தாண்டி டிரைவ் படிக்காது. கையில் இருந்தும் எடுக்க முடியவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிட்டு, 'எஃப்எஸ்எஃப் 1' கொடுத்து, யுஎஃப்எஸ்ரீஸ்டோரின் 'டிஎஃப்' விருப்பத்தால் பட்டியல் எடுங்கள், எல்லாமே 0என் பெயரில். இரண்டாவது டம்ப்பின் கோப்புகள் வரவேண்டும். ஸ்கிரிப்டில் ஒரு வரி கூடும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். லாகை நம்பாதீர்கள், டேப்பைப் படித்துப் பாருங்கள்.

எழுதத் தடை

டிரைவில் போடும் முன் டேப்பின் தடைத் தாழைத் தள்ளிவிடுங்கள்.

எங்கே நின்று மீட்கிறீர்கள்

சிடியிலிருந்து பூட் செய்து, புது டிஸ்க்கை /ஏ-வில் மவுண்ட் செய்தபின், /ஏ-வுக்குள் போக மறந்துவிடுகிறார்கள். யுஎஃப்எஸ்ரீஸ்டோர் நீங்கள் நிற்கும் இடத்தில்தான் கொட்டும். கோப்புகளைக் கட்டிப் பிரிக்கும் டார் கட்டளை வேறு மாதிரி. பாதை '/' என்று தொடங்கும்படி எடுத்த டேப்பை சோலாரிஸின் பழைய டார் அந்தப் பாதையிலேயே பிரிக்கும், ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் கோப்புகள் மேலேயே. முதலில் பட்டியல், அப்புறம்தான் பிரிப்பது.

ரீஸ்டோர்சிம்டேபிள்

மீட்கும்போது யுஎஃப்எஸ்ரீஸ்டோர் உருவாக்கும் கோப்பு இது. கடைசி இன்கிரிமென்டல் (மாறியவை மட்டும் உள்ள டம்ப்) இறங்கும்வரை இந்தக் கோப்பை அழிக்காதீர்கள். அழித்தால் லெவல் 0-விலிருந்து, அதாவது முழு டம்ப்பிலிருந்து, மறுபடி.

பூட் ஆகவில்லை

ரூட் முழுதாக வந்திருக்கும், ஆனால் சோலாரிஸ் ஏறுவதற்கு முன் வரும் 'ஓகே' திரையில் இந்தக் கோப்பை இயக்க முடியாது என்று செய்தி வரும். பயந்துபோய் மறுபடி டேப்பைப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டேப்பில் குறை இல்லை. பூட் பிளாக் (டிஸ்க்கிலிருந்து சிஸ்டத்தைத் தொடங்கவைக்கும் சிறு நிரல்) ஃபைல் சிஸ்டத்துக்குள் இருக்கும் கோப்பல்ல, டம்ப்போடு வராது. சிடியிலிருந்து பூட் செய்து இன்ஸ்டால்பூட் கட்டளையால் அதைத் தனியாக எழுத வேண்டும். அதே கையோடு /ஏ-வுக்குள், எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆகும் என்று சொல்லும் விஎஃப்எஸ்டேப் கோப்பில் டிஸ்க் பெயர்களைச் சரிபாருங்கள். பழைய ரூட் டிஸ்க்சூட் மென்பொருளில் மிரராக (ஒரே தரவு இரண்டு டிஸ்க்கில்) இருந்திருந்தால், /ஏ-வுக்குள் இருக்கும் /ஈடிசி/சிஸ்டத்தில் உள்ள 'ரூட்டெவ்' வரியை எடுத்துவிடுங்கள். இல்லாத மிரரைத் தேடிக்கொண்டு நின்றுவிடும்.

என்வி-ராம் பேட்டரி

சர்வர் பல வருடம் அணைந்து கிடந்திருந்தால் என்வி-ராம் சிப்புக்குள் இருக்கும் பேட்டரி தீர்ந்திருக்கும். தேதியோடு, கணினியின் அடையாள எண்ணான ஹோஸ்ட்-ஐடியும் போய்விடும். அந்த ஐடியோடு கட்டிய லைசென்ஸ் மென்பொருள், டேப்பிலிருந்து முழுதாக வந்திருந்தாலும் திறக்காது. ஓடும் பழைய சர்வர் உங்களிடம் இருந்தால், 'ஹோஸ்ட்ஐடி' என்று அடித்து வருவதை ஒரு காகிதத்தில் எழுதி டேப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.