வீட்டில் ஒருவருக்கு வாந்தி பேதியா? மற்றவருக்குத் தொற்றாமல் இருக்க

வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோ வைரஸ் துளியளவு உள்ளே போனாலே போதும், அடுத்தவரும் படுத்துவிடுவார். வாந்தியை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், தெறித்துப் பரவும். கையுறையும் மாஸ்க்கும் போட்டு, பழைய செய்தித்தாளால் அள்ளிப் பையில் கட்டிவிடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். அழுக்கு மிச்சமிருந்தால், அடுத்து ஊற்றும் ப்ளீச்சில் உள்ள குளோரின் அதிலேயே வீணாகிவிடும்.

அடுத்து ப்ளீச். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் 100 மில்லியை 900 மில்லி தண்ணீரில் கலந்து, தரை குறைந்தது 5 நிமிடம் ஈரமாக இருக்கும்படி விடுங்கள். பலர் ஊற்றியதுமே துடைத்துவிடுகிறார்கள், அதனால்தான் பலன் கிடைப்பதில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆசிட் கலந்த கழிப்பறை கிளீனரோடு ப்ளீச்சைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும். கலவையைத் தினமும் புதிதாகத் தயாரியுங்கள்.

குழாய்த் திருகு, மக், கதவுத் தாழ்ப்பாள், ஃப்ளஷ் பொத்தான் இவற்றையும் மறக்க வேண்டாம். இவற்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு அதே ப்ளீச் திரவம் 20 மில்லி போதும்.

சானிடைசரை நம்ப வேண்டாம். இந்த வைரஸ் அதற்கு எளிதில் அடங்காது. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுவதுதான் சரி. நோயாளிக்குத் தனித் துண்டு கொடுங்கள். வாந்தி பேதி நின்ற பிறகும் 2 நாள் அவர் சமையலறைப் பக்கம் போகக் கூடாது.