பூனையின் பல்லும் ஈறும்: வாயைத் திறக்காமலேயே துலக்கும் முறை

பாம்பன், மண்டபம் ஊர்களின் வீடுகளில் வளரும் பூனைகளுக்கு மீனுக்குப் பஞ்சமில்லை என்பதால், அவற்றின் வாய்நாற்றத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. மீன் வாடை வேறு. அழுகல் நாற்றம் வேறு. சாளை மீனைக் கவ்விய பூனை தலையைச் சாய்த்து ஒரு கடி கடித்துவிட்டுக் கீழே போட்டு விலகினால், அது பசியின்மையன்று, வலி.

முதலில் பகல் வெளிச்சத்தில் உதட்டை உயர்த்திப் பாருங்கள். பல்லோரத்தில் குங்குமக் கீற்றுப் போலச் சிவப்புக் கோடு மட்டும் இருந்தால் அது ஈறு அழற்சியின் தொடக்கம். பெரும்பாலும் துலக்கியே மீட்கலாம். பல்லில் படியும் அழுக்கான பழுப்புக் காறை கெட்டிப்பட்டிருந்தால் மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துத்தான் அகற்ற வேண்டும். நகத்தால் சுரண்டக் கூடாது. இரத்தக் கசிவோ, தொண்டையோரப் புண்ணோ, பல்லின்மேல் ஏறிய சதையோ தெரிந்தால் பிரஷ்ஷைத் தொடாமல் நேரே மருத்துவரிடம் செல்லுங்கள்.

கருவிகளில், விரலில் மாட்டும் ரப்பர் உறை எனக்குப் பிடிப்பதில்லை; அதன் தடிமன் கன்னத்துக்குள் நுழையாது. சிறிய தலையுள்ள, மென்மையான குழந்தை பிரஷ்ஷே போதும். பேஸ்ட் மட்டும் பூனைக்கென விற்பதாக இருக்க வேண்டும். பூனை துப்பாது, விழுங்கிவிடும் என்பதால் ஃபுளோரைடு கலந்த நம் பேஸ்ட் ஆகாது.

பலரும் தோற்றுப்போவது அடுத்த படியில்தான். தாடையைப் பிளந்து திறக்க முயல்வதால் பூனை பிறாண்டிவிட்டு ஓடுகிறது. திறக்கவே தேவையில்லை. பூனையை உங்களுக்கு முதுகு காட்டி மடியில் அமர்த்தி, இடக்கையால் தலையை மேலிருந்து தளர்வாகப் பிடித்து, கட்டைவிரலால் வாயோரத்தைப் பின்னோக்கி இழுத்தால், வாய் மூடியிருக்கும்போதே மேல் கடைவாய்ப் பற்கள் தெரியும். காறை அதிகம் படிவது அங்கேதான். பிரஷ்ஷை ஈறு விளிம்பை நோக்கிச் சாய்த்து வெளிப்புறத்தை மட்டும் சிறு வட்டங்களாகத் தேயுங்கள். உட்புறத்தை ஓரளவு நாக்கே பார்த்துக்கொள்ளும். முதல் வாரம் விரலில் பேஸ்ட்டைத் தொட்டு நக்கவிட்டால் போதும். பல்லில் படியும் மெல்லிய படலம் சில நாட்களிலேயே காறையாகக் கெட்டிப்பட்டுவிடுவதால், பின்னர் அன்றாடம் துலக்குவதே நல்லது.

மருத்துவமனைக்குக் கிளம்புமுன் பல் எக்ஸ்ரே வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூனைகளுக்குப் பல் வேரிலேயே கரையும் நோய் உண்டு. அது எக்ஸ்ரேயில்தான் முழுமையாகத் தெரியும். அத்தகைய பல்லைப் பிடுங்கச் சொன்னால் தயங்க வேண்டாம். பல்லில்லாத பூனையும் முள் நீக்கி மசித்த மீனை நன்றாகவே உண்ணும்.

பின்சேர்க்கை: கிராம்பு எண்ணெய் தடவலாமா, பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். இரண்டும் பூனைக்கு நஞ்சு. சிறிதளவு பாராசிட்டமால்கூட உயிரைப் பறிக்கக்கூடும். கருவாட்டைக் கடித்தால் பல் சுத்தமாகும் என்பதும் சரியன்று. உப்பு மிகுதி, முள்ளும் அண்ணத்தில் சிக்கும். ஒரு நாள் முழுக்க எதுவும் உண்ணாத பூனையை மறுநாளே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பட்டினி நீண்டால் கல்லீரலில் கொழுப்பு படிந்து பல்நோயைவிடப் பெரிய ஆபத்தாகும்.