36 கோர் இருந்தும் ரவுட்டர் திணறுவது ஏன்? இணையச் சேவையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறிய, நடுத்தர இணையச் சேவை நிறுவனங்களின் மையத்தில் இன்று பெரும்பாலும் பல கோர்கள் (தனித்தனியாகக் கணக்கிடும் செயலி அலகுகள்) கொண்ட ரவுட்டர்களே இருக்கின்றன. லாட்வியாவின் மைக்ரோடிக் நிறுவனம் 2012-இல் கொண்டுவந்த 36 கோர் சிசிஆர்1036, அதற்குப் பின் வந்த 72 கோர் சிசிஆர்1072 ஆகிய இரண்டும் இந்த வகையில் மிகவும் பரவியவை. இவற்றுக்குள் இருக்கும் சிப்பு டிலேரா என்ற நிறுவனத்தின் வடிவமைப்பு. இத்தகைய கருவியை வாங்கியவர்கள் செய்யும் தவறுகள் பலவும் ஒரே எண்ணத்திலிருந்து பிறக்கின்றன: 36 கோர் என்றால் 36 மடங்கு வேகம் என்ற எண்ணம்.

உண்மையில், ஒரு இணைப்பைச் சேர்ந்த பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) வரிசை மாறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதால், அந்த இணைப்பு முழுவதையும் வழக்கமாக ஒரே கோரிடம்தான் ரவுட்டர் ஒப்படைக்கிறது. அனுப்பும் முகவரி, பெறும் முகவரி, போர்ட் எண்கள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு ஹேஷ் (அவற்றிலிருந்து பெறும் சுருக்க எண்) கணக்கிட்டு, எந்தப் பாக்கெட் எந்தக் கோருக்கு என்று அது முடிவு செய்கிறது. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களின் சிறு சிறு இணைப்புகள் என்றால் வேலை நன்றாகப் பரவும். இரு நகரங்களை இணைக்கும் ஒற்றை இஓஐபி டனல் (ஐபி வழியே ஈதர்நெட்டைக் கடத்தும் இணைப்பு) என்றால், அதன் முழுச் சுமையும் பெரும்பாலும் ஒரு கோரின் தலையில் விழும்.

இதைக் கவனிக்காமல் விடுவதற்கு முதல் காரணம், திரையில் தெரியும் சிபியு சதவீதத்தை அப்படியே நம்பிவிடுவது. அது எல்லாக் கோர்களின் சராசரி. இரவு 9 மணிக்கு டிராஃபிக் வரைபடம் மேலே ஏறாமல் தட்டையாக நிற்கிறது, புகார் அழைப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன, ஆனால் மைக்ரோடிக்கின் மேலாண்மை மென்பொருளான வின்பாக்ஸின் மூலையில் சிபியு 8 சதவீதம் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோர் 100 சதவீதத்திலும் மற்ற 35 கோர்கள் 5 சதவீதத்திலும் இருந்தால் சராசரி 8-ஐக்கூட எட்டாது. ஆகவே டூல்ஸ் பட்டியலில் உள்ள புரொஃபைல் கருவியைத் திறந்து, எல்லாக் கோர்களையும் தனித்தனியாகக் காட்டும்படி அமைத்து, நெரிசல் மிகுந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும். எந்தக் கோர் நிரம்பியிருக்கிறது என்பதோடு, அதை நிரப்புவது கியூவா (வேக வரம்பு விதிக்கும் அமைப்பு), ஃபயர்வாலா, ரவுட்டிங்கா என்பதையும் அது சொல்லிவிடும். காலை 6 மணிக்கு எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு ரவுட்டரில் குறையில்லை என்று வாதிடுவதில் பயனில்லை.

அப்படி நிரம்பும் கோரின் பின்னால் அடிக்கடி இருப்பது கியூ அமைப்பு. நிறுவனத்தின் மொத்த பேண்ட்வித்தையும் ஒரு பேரண்ட் கியூவில் குறித்து, அதன் கீழ் எல்லா வாடிக்கையாளர்களின் கியூக்களையும் அடுக்குவது பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் கீழே இருக்கும் ஒவ்வொரு கியூவும் பேரண்டிடம் மிச்சம் எவ்வளவு என்று கேட்டுத்தான் பாக்கெட்டை அனுப்ப முடியும். அந்தக் கணக்கை ஒரு நேரத்தில் ஒரு கோர் மட்டுமே தொட முடியும் என்பதால், மற்றவை வரிசையில் நிற்கின்றன. கியூ ட்ரீ என்ற மற்றொரு கியூ வகையில் எல்லாவற்றையும் ஒரே தலையின் கீழ் தொங்கவிட்டாலும் இதே கதைதான். வாடிக்கையாளருக்கு ஒன்றாக, பேரண்ட் இல்லாத சிம்பிள் கியூக்களை வைத்தால் வேலை கோர்களுக்கிடையே பிரிந்துவிடும். மொத்த வரம்பை, நமக்கு இணையத்தை வழங்கும் அப்ஸ்ட்ரீம் நிறுவனமே எப்படியும் விதித்துவிடுகிறது. அதையே நம் ரவுட்டரிலும் இன்னொரு முறை விதிக்க இவ்வளவு விலை கொடுக்க வேண்டுமா என்று யோசிக்க வேண்டும்.

சுமையைக் குறைக்க, பாக்கெட்டுகளைக் குறுக்குவழியில் அனுப்பும் ஃபாஸ்ட்டிராக்கை இயக்குவதும் உண்டு. சிபியு உடனே இறங்கும், மகிழ்ச்சியாகவும் இருக்கும். ஆனால் அந்த வழியில் போகும் பாக்கெட்டுகள் சிம்பிள் கியூக்களைத் தாண்டிப் போய்விடுவதால், 50 எம்பிபிஎஸ் திட்டம் வாங்கியவருக்கும் தடையில்லாத வேகம் கிடைக்கத் தொடங்கும். பில்லிங் பிரிவுதான் இதை முதலில் கண்டுபிடிக்கும்.

பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல்லோடு இணையும் முறை) வழியாக வாடிக்கையாளர்களை இணைக்கும் ரவுட்டரில் மாஸ்கரேட் விதியை (உள் முகவரிகளை ரவுட்டரின் பொது முகவரியாக மாற்றுவது) விட்டுவைப்பது, எல்லாவற்றிலும் அதிகம் வேதனை தரும் தவறு என்று சொல்வேன். முகவரி எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடிய இணைப்புக்காக உருவானது மாஸ்கரேட். ஆகவே ஏதாவதொரு இன்டர்ஃபேஸ் (இணைப்பு முனை) அணைந்தால், அதைச் சார்ந்த பதிவுகளை நீக்குவதற்காக அது கனெக்‌ஷன் டிராக்கிங் அட்டவணை (நடப்பு இணைப்புகளின் பட்டியல்) முழுவதையும் துழாவுகிறது. பிபிபிஓஇ-யில் ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒரு இன்டர்ஃபேஸ். ஒரு பகுதியில் மின்சாரம் போய் 1,000 பேர் ஒரே நேரத்தில் துண்டிக்கப்பட்டால், 5 லட்சம் பதிவுகள் கொண்ட அட்டவணையை 1,000 முறை துழாவ வேண்டும், அதாவது 50 கோடிச் சரிபார்ப்புகள். மின்வெட்டே இல்லாத தெருக்களிலும் இணையம் தடுமாறுவதற்கு இது போதும். பொது முகவரி நிலையானதாக இருக்கும்போது மாஸ்கரேட்டுக்குப் பதிலாக எஸ்ஆர்சி-நேட் (அனுப்பும் முகவரியை மாற்றும்) விதியில் அந்த முகவரிகளையே குறித்துவிட்டால் இந்தத் துழாவல் எழாது.

அதே மின்வெட்டு, ரவுட்டர்கள் வழித்தடங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஓஎஸ்பிஎஃப்-ஐயும் ஆட்டிவைக்கும். நேரடியாக இணைந்த முகவரிகள் எல்லாவற்றையும் அறிவிக்கும்படி அமைத்திருந்தால், ஒவ்வொரு வாடிக்கையாளரின் ஒற்றை முகவரியும் தனி வழித்தடமாக நெட்வொர்க் முழுவதும் பரவும். அவர் துண்டிக்கப்படும்போதும் மீண்டும் வரும்போதும் மற்ற ரவுட்டர்கள் எல்லாம் அதற்காகக் கணக்கைப் புதுப்பிக்க வேண்டும். வாடிக்கையாளர் முகவரித் தொகுப்பு முழுவதற்கும் ஒரு பிளாக்ஹோல் (வேறு குறிப்பிட்ட வழி இல்லாத பாக்கெட்டைக் கைவிடும்) வழித்தடத்தை நிலையாக எழுதி, அதை மட்டும் அறிவித்தால், வெளியில் இருப்பவர்களுக்கு இந்தச் சலசலப்பு எதுவும் தெரியாது.

எக்ஸ்86 (வழக்கமான கணினிச் செயலி) சர்வரை பிபிபிஓஇ-க்குப் பயன்படுத்துவோருக்கு ஒரு தனி எச்சரிக்கை: பல நெட்வொர்க் கார்டுகளுக்கு பிபிபிஓஇ உறைக்குள் இருக்கும் ஐபி முகவரியைப் படிக்கத் தெரியாது. எல்லாம் ஒரே மாதிரி தெரிவதால், வாடிக்கையாளர் பக்கமிருந்து வரும் டிராஃபிக் முழுவதையும் அவை முதல் வரிசைக்கே அனுப்பும், அங்கே ஒரு கோர் மட்டும் உழைக்கும். லினக்ஸின் ஆர்பிஎஸ் வசதியை இயக்கினால், மென்பொருள் வழியாகவே அதைப் பிரித்துக் கொடுக்கலாம்.

இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் வழித்தடங்களைப் பரிமாறும் பிஜிபி-யைப் பொறுத்தவரை, மைக்ரோடிக்கின் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ்-இன் 6-ஆம் பதிப்பில் அது ஒரே கோரில்தான் ஓடியது. ஏறத்தாழ 10 லட்சம் வழித்தடங்கள் கொண்ட முழு இணைய அட்டவணையை, 1.2 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஒற்றைக் கோர் உள்வாங்குவதற்கு நிமிடக் கணக்கில் நேரம் பிடிக்கும். அப்ஸ்ட்ரீம் ஒன்று அறுந்தால் மாற்று வழிக்குத் திரும்பவும் அதே பாடு. 7-ஆம் பதிப்பு இந்த வேலையைப் பிரித்துச் செய்யக்கூடியது என்றாலும், ஒரே ஒரு அப்ஸ்ட்ரீம் உள்ள நிறுவனம் முழு அட்டவணையை வாங்குவதற்குப் பெருமையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. டீஃபால்ட் வழித்தடம் ஒன்றே போதும்.

விளம்பரத் தாளில் உள்ள எண்களைப் படிப்பதிலும் நிதானம் தேவை. 10 ஜிகாபிட் இணைப்பை 1,518 பைட் பாக்கெட்டுகளால் நிரப்ப நொடிக்கு ஏறத்தாழ 8.1 லட்சம் பாக்கெட்டுகள் போதும். 64 பைட் என்றால் 1.488 கோடி வேண்டும். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 67 நானோநொடி, அதாவது 1.2 கிகாஹெர்ட்ஸ் கோருக்கு 80 சுழற்சிகள். ஃபயர்வாலும் கியூவும் இல்லாமல் பெரிய பாக்கெட்டில் எடுத்த அளவீட்டைப் பார்த்து வாங்கிவிட்டு, பின்னர் 200 விதிகளை எழுதினால் கணக்கு பொருந்தாது. ரவுட்டரில் உள்ள பேண்ட்வித் டெஸ்டை அதே ரவுட்டரிலிருந்து ஓட்டிச் சோதிப்பதும் வீண். சோதனைப் பாக்கெட்டுகளை உருவாக்கும் உழைப்பையும் அதே கோர்கள்தான் சுமக்கின்றன. இரு பக்கமும் தனிக் கணினிகளை வைத்து, பல இணைப்புகளாக அனுப்பிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு 36 கோர் போதவில்லை, 72 கோர் வாங்கலாம் என்ற முடிவுக்கு வருவோர், பல கோர்களால் கிடைக்கும் வேகத்தின் உச்சவரம்பைச் சொல்லும் ஆம்டாலின் விதியை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். வேலையில் 5 சதவீதம் மட்டும் பிரிக்க முடியாததாக இருந்தால், 36 கோர்கள் தருவது 13 மடங்கு, 72 கோர்கள் தருவது ஏறக்குறைய 16 மடங்கு. ஆனால் சிசிஆர்1036-இன் கோர் 1.2 கிகாஹெர்ட்ஸ், சிசிஆர்1072-இன் கோர் 1 கிகாஹெர்ட்ஸ். மடங்கையும் கோரின் வேகத்தையும் பெருக்கினால் இரண்டுக்கும் விடை ஏறத்தாழ ஒன்றுதான். பெரிய பெட்டிக்குப் பதிலாக இரண்டு சிறிய பெட்டிகளை ஒரே விலானில் (ஒரே உள் நெட்வொர்க்கில்) பிபிபிஓஇ சர்வர்களாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி முகவரித் தொகுப்பும் அதிகபட்ச செஷன் எண்ணிக்கையும் கொடுத்தால், வாடிக்கையாளர்கள் இரண்டுக்கும் பிரிந்துகொள்வார்கள். ஒன்று பழுதானால் மற்றொன்று எல்லோரையும் ஏற்கும் அளவுக்கு அந்த எண்ணிக்கையையும் முகவரித் தொகுப்பையும் முன்கூட்டியே தாராளமாக வைத்திருக்க வேண்டும்.