‘வயசாயிருச்சு, வீட்ல இருங்க’ என்று முதலாளி சொன்னால் என்ன செய்வது?

காரைக்குடி ஜவுளிக்கடையோ, கானாடுகாத்தான் பக்கத்து பங்களா விடுதியோ, வயதான ஊழியரிடம் “உங்களை நீக்குகிறோம்” என்று யாரும் நேராகச் சொல்வதில்லை. “அண்ணே, உங்களுக்கும் வயசாயிருச்சு. பேரன் பேத்தியப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருங்க. ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க” என்பார்கள். இருபது வருடம் அந்தக் கடையின் உப்பைத் தின்றவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்தத் தாள் பெரும்பாலும் ராஜினாமாக் கடிதமாகத்தான் இருக்கும். தானாக வேலையை விட்டவருக்கு வேலைநீக்க இழப்பீடு கிடையாது. அதனால் முதல் வேலை, கையெழுத்துப் போடாமல் இருப்பது. “வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு வந்தால் போதும். யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை.

தனியார் வேலையில் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கவென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. “20 முதல் 30 வயதுக்குள் ஆட்கள் தேவை” என்று கடை வாசலில் பலகை வைப்பதைக்கூட நேரடியாகத் தடுக்க வழியில்லை. அரசியல் சாசனத்தின் 14, 16ஆம் பிரிவுகள் தரும் சமத்துவம் அரசு, பல்கலைக்கழகம், பொதுத்துறை வங்கி போன்ற இடங்களுக்குத்தான் பொருந்தும். ஆனால் ஏற்கெனவே வேலையில் இருப்பவரை எப்படி அனுப்ப வேண்டும் என்பதற்குக் கறாரான விதிகள் இருக்கின்றன. வயதைக் காரணம் காட்டி அனுப்பும் முதலாளி பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். உங்கள் பலமும் இதுதான்.

‘58 ஆயிருச்சு, சட்டப்படி ஓய்வு’ என்பது சரியா?

உங்கள் நியமனக் கடிதத்தையும், நிறுவனத்துக்கு நிலையாணைகள் (வேலை விதிகளை எழுதி வைத்த ஆவணம்) இருந்தால் அவற்றையும் பாருங்கள். ஓய்வு வயது அங்கே எழுதியிருந்தால் அது உங்களைக் கட்டுப்படுத்தும். எங்குமே எழுதவில்லை என்றால், இது ஓய்வு அல்ல, ஆட்குறைப்பு என்று வாதிட இடம் உண்டு. பி.எஃப். பென்ஷன் 58இல் தொடங்குவதைக் காட்டிச் சிலர் மிரட்டுவார்கள். 58 என்பது பென்ஷன் தொடங்கும் வயது மட்டுமே, வேலையை விட வேண்டிய வயது அல்ல. 58க்குப் பிறகும் வேலை பார்த்தால் பென்ஷன் கணக்குக்குப் போன பங்கும் சேர்ந்து பி.எஃப். கணக்கில் விழும். தமிழக அரசு ஊழியர்களுக்கு ஓய்வு வயது 60 என்பதும் உங்கள் கடைக்குத் தானாகப் பொருந்தாது.

ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத எழுத்துமூல அறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அதோடு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். 12 மாதத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் ஒரு வருடத் தொடர்பணியாகக் கணக்காகும். எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. ஒரே வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும். உங்களை அனுப்பிவிட்டு, உங்களுக்குப் பின்னால் வந்த இளைஞர்களை அதே வேலையில் வைத்துக்கொண்டால், அதற்கான காரணத்தை முதலாளி எழுத்தில் காட்டியாக வேண்டும். எனவே உங்கள் பிரிவில் யார் எந்த வருடம் சேர்ந்தார்கள் என்ற பட்டியலை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, இதிலிருந்து தனி. 10 பேருக்குக் குறையாமல் வேலை பார்த்த நிறுவனத்தில் 5 வருடம் முடித்திருந்தால், ராஜினாமா செய்தவருக்கும் உண்டு. கணக்கு: கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் × 15 ÷ 26 × வருடங்கள். மாதம் 15,000 ரூபாய், 20 வருடம் என்றால் சுமார் 1,73,077 ரூபாய். 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேரும். “செட்டில்மெண்ட்” என்று ஒரு மொத்தத் தொகையை நீட்டினால், அதில் கிராஜுவிட்டி எவ்வளவு, இழப்பீடு எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். பணத்தை வாங்கத்தான் வேண்டும் என்றால், கையெழுத்துக்கு மேலே “என் உரிமைகளுக்குப் பாதகமில்லாமல் பெற்றுக்கொண்டேன்” என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

வாய்ச்சொல்லில் நிறுத்தினால்

காரைக்குடிப் பக்கம் பல கடைகளில் நியமனக் கடிதமே கிடையாது. பேச்சும் நம்பிக்கையும்தான். அதனால் ஆதாரத்தை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். சம்பளம் ஏறிய வங்கிப் பாஸ்புத்தகம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பதிவு, அடையாள அட்டை, போனஸ் சீட்டு, “நாளையிலருந்து வர வேண்டாம்” என்று வந்த வாட்ஸ்அப் செய்தி எல்லாம் உதவும். செய்தியின் படத்தை எடுப்பதோடு நிற்காமல், போனிலும் அழிக்காமல் வையுங்கள்.

அடுத்த நாளும் வேலைக்குப் போய் நில்லுங்கள். உள்ளே விடவில்லை என்றால் அன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள்:

“இன்று (தேதி) காலை வழக்கம்போல் வேலைக்கு வந்தேன். வயதைக் காரணம் காட்டி வேலை மறுக்கப்பட்டது. நான் ராஜினாமா செய்யவில்லை. தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். வேலை மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தரவும்.”

இதைப் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். நகல், ரசீது, பட்டுவாடா ஆன விவரத்தின் அச்சு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். இந்தக் கடிதம் இல்லாவிட்டால், “அவராத்தான் வராம நின்னுட்டார்” என்ற பதில் வரும்.

எங்கே போவது, எத்தனை நாளுக்குள்?

கடை, உணவகம், விடுதி ஊழியருக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இன் 41ஆம் பிரிவு கை கொடுக்கும். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமில்லாமல் நீக்க முடியாது. தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். ஆனால் நீக்க உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் போக வேண்டும். பலரும் கோட்டை விடுவது இந்த 30 நாளைத்தான். ‘பேசித் தீத்துக்கலாம்’ என்று ஊர்ப் பெரியவர்கள் இழுக்க இழுக்க நாள் ஓடிவிடும். பேசுங்கள், மனுவையும் போட்டுவிடுங்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு இச்சட்டம் பொருந்தாது. பெயருக்கு ‘மேனேஜர்’ என்று போட்டுவிட்டுக் கணக்கு மட்டும் எழுத வைத்திருந்தால், செய்த வேலை என்ன என்பதுதான் கேள்வி.

இன்னொரு வழி, தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் தொழில் தகராறு எழுப்புவது. 45 நாளில் தீராவிட்டால் தீர்ப்பாயத்துக்கு நீங்களே நேரடியாகப் போகலாம். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, வேலை போன நாளிலிருந்து 2 வருடத்துக்குள் சமரச அதிகாரியிடம் போக வேண்டும், தீரவில்லை என்ற அவரது அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ஓய்வு வயதை நெருங்கியவருக்கு நீதிமன்றங்கள் வேலையைத் திரும்பத் தருவதைவிட மொத்தத் தொகை தருவதுண்டு. எதைக் கேட்பது என்று இதை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

நீக்காமல் வாட்டுவதும் உண்டு. முழங்கால் வலிக்காரரை நாள் முழுக்க நிற்க வைத்தால் அவரே போய்விடுவார் என்று கணக்குப் போடுவார்கள். 2021 சட்டத் திருத்தப்படி கடையில் எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும். எழுத்தில் கேளுங்கள், தரவில்லை என்றால் தொழிலாளர் துறையில் புகார் கொடுங்கள்.

எந்த அலுவலகம் என்பது உங்கள் வீட்டை வைத்து அல்ல, வேலை பார்த்த இடத்தை வைத்துத்தான். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்றால் சிவகங்கை மாவட்டம். இராயவரம், கோனாபட்டு என்றால் புதுக்கோட்டை மாவட்டம். வக்கீலுக்குக் கட்டப் பணமில்லை என்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். போகும்போது பாஸ்புத்தகம், ஆதார், கடித நகல், தபால் ரசீது ஆகியவற்றை இரண்டு செட் எடுத்துப் போங்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.