களை எடுக்கிறோம் என்று காட்டையே எடுத்துவிடாதீர்கள்

மொரீஷியஸில் நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் பூர்வீகக் காடு தீவின் பரப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவு. அதையும் சீனக் கொய்யா, பிரிவெட் என்ற வெளியூர்க் களைச்செடிகள் நெருக்கிக்கொண்டிருக்கின்றன. 1990 வாக்கில் இளஞ்சிவப்புப் புறா காட்டில் சுமார் பத்துதான் இருந்தது. இன்று அது நூற்றுக்கணக்கில் பறக்கிறது என்றால், கூண்டில் வளர்த்து வெளியே விட்டவர்களின் உழைப்புதான் காரணம். ஆனால் விட்ட பறவைக்குத் தின்னக் காய் வேண்டும், உட்கார மரம் வேண்டும். இந்தத் தீவுக்கே உரிய எக்கோ கிளி இயல்பாகப் பழைய பெருமரங்களின் பொந்தில்தான் கூடு வைக்கும். அதனால்தான் இவ்வளவு களை எடுப்பு.

கோயில் இளைஞர்கள், கல்லூரிப் பிள்ளைகள், அலுவலகக் குழுக்கள் என்று வருடா வருடம் புது ஆட்கள் வருகிறார்கள். தவறுகள் மட்டும் பழையவை. பாதிக்கு மேல் நானும் ஒரு காலத்தில் செய்தவைதான். தொப்பி, தண்ணீர், கொசு மருந்து பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார்.

களை விதையைச் சுமந்து வருவது

காலணியின் அடிப்பகுதி, சாக்ஸ், பையின் மூலை. வீட்டிலேயே தட்டிவிட்டு வாருங்கள்.

கன்றைக் களை என்று பிடுங்குவது

இதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

ஒரு கம்பெனியின் சேவை நாள். பெயர் வேண்டாம். ஏற்பாடு செய்தவர் உற்சாகப்படுத்துகிறேன் என்று, அதிகமாகக் குவித்த குழுவுக்குப் பரிசு என்று அறிவித்துவிட்டார். காட்டில் போட்டி வைத்தால் என்ன ஆகும்? கைக்கு எது சுலபமாக வருகிறதோ அதைத்தான் பிடுங்குவார்கள். சீனக் கொய்யா லேசில் வராது, வேர் இறுகப் பிடித்திருக்கும். பூர்வீகக் கன்றோ ஈர மண்ணிலிருந்து இரண்டு விரலுக்கே வந்துவிடும். மதியம் ஒரு தம்பி வந்து, "அண்ணா, வந்து பாருங்க, எங்க இடத்துல தரை தெரியுது" என்றான். உண்மைதான், தரை தெரிந்தது. அவன் குவியலைக் கிளறினேன். கொய்யாவுக்கு நடுவே நீளமாக, நாடா மாதிரி ஒடுங்கிய இலைகள், நடு நரம்பு சிவப்பு. அத்தனையும் புவா தொலிவ் என்ற பூர்வீக மரத்தின் கன்றுகள். நிழலில் திரும்ப நட்டோம், தண்ணீர் ஊற்றினோம். பெரும்பாலானவை பிழைக்கவில்லை.

அந்தத் தம்பி மேல் தப்பில்லை. அவனுக்குக் காலையில் காட்டப்பட்டது வளர்ந்த புவா தொலிவ் மரம். அதன் இலை அகலமாக, முட்டை வடிவில், பச்சையாக இருக்கும். அதே மரத்தின் கன்றைப் பக்கத்தில் வைத்தால் உறவு என்று யாரும் நம்பமாட்டார்கள். இந்தத் தீவுகளில் பல செடிகள் இப்படித்தான். மொரீஷியஸுக்கு வடக்கே உள்ள ரவுண்ட் தீவின் லத்தானியப் பனை கன்றாக இருக்கும்போது செந்நிறம் பூசி நிற்கும், வளர்ந்தபின் ஓலை நீலச் சாம்பலாகிவிடும். மொரீஷியஸைச் சேர்ந்த ரொட்ரீக்ஸ் தீவின் காஃபே மரோன் என்ற அரிய செடியின் கன்றுக்குப் பழுப்புத் திட்டுகளோடு ஒடுங்கிய நீள இலை, வளர்ந்த செடிக்குப் பச்சையாக அகன்ற இலை.

ஏன் இப்படி? இங்கே ஒரு காலத்தில் தரையில் மேய்ந்தவை ராட்சத ஆமைகள். ஆமையின் வாய் எட்டும் உயரம் வரைக்கும், அது விரும்பாத அல்லது கண்டுகொள்ளாத இலையோடு வளர்ந்து, அதைத் தாண்டியபின் நிஜ இலைக்கு மாறுவது செடியின் தந்திரமாக இருக்கலாம் என்கிறார்கள். மொரீஷியஸின் சொந்த ஆமை இனம் இரண்டும் அழிந்தாயிற்று. கரையருகே உள்ள இல் ஓ ஸெக்ரெத் என்ற குட்டித் தீவில் 2000த்திலிருந்து அல்டாப்ரா என்ற வேறொரு ராட்சத ஆமை இனத்தைக் கொண்டுவந்து அந்த வேலையைப் பார்க்க விட்டிருக்கிறார்கள். அவை கருங்காலிப் பழத்தைத் தின்று விதையைப் பரப்பி, புதுக் கன்றுகளே வந்திருக்கின்றன. ஆமை செய்த வேலையை மனிதன் பிடுங்கிப் போட்டால் வயிறு எரியாதா?

கணக்கையும் பாருங்கள். காய்த்ததில் குரங்கும் எலியும் தின்றது போக மிச்சம், அதில் முளைத்தது, அதில் கொய்யா நிழலில் சாகாமல் நின்றது. இவ்வளவையும் தாண்டிய கன்றுதான் உங்கள் கையில் இருக்கிறது. முழங்கால் உயரக் கருங்காலிக் கன்றைப் போன வருடத்து முளை என்று நினைக்காதீர்கள். அது வளர எடுத்துக்கொள்ளும் காலம் மிக நீளம்.

சரி, என்ன செய்வது? நான் இப்போது புது ஆளுக்கு ஒரே ஒரு களையைத்தான் ஒப்படைக்கிறேன். சீனக் கொய்யா என்றால் அது மட்டும். தடித்த பளபளப்பான இலை, எதிரெதிராக இரண்டிரண்டு, வழவழப்பான செம்பழுப்புப் பட்டை. அது இல்லையென்றால் கை வைக்கக் கூடாது. தெரியாத செடி என்றால் நல்ல செடி என்று எடுத்துக்கொண்டு, பக்கத்தில் ரிப்பன் கட்டிவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். சந்தேகம் வந்தால் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள், தாய்மரம் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். முட்டி போடும் முன் கீழே பாருங்கள். பையைத் தூக்கி எறியாதீர்கள், பை நசுக்கிய கன்றும் போன கன்றுதான். குவியலை யாரும் அளக்கக் கூடாது. அளக்கத்தான் வேண்டும் என்றால் ரிப்பனை எண்ணுங்கள்.

வெட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காதது

கொய்யாவை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். ஒரு நாள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களால் காட்டுக்கு லாபமில்லை. இன்னொன்று, ஒரே நாளில் எல்லாவற்றையும் சாய்த்தால் திடீரென்று வெயில் இறங்கும், அந்த வெயிலில் முதலில் எழுவதும் களைதான்.

அரிய செடி நிற்கும் இடத்தை ஊருக்குச் சொல்வது

காஃபே மரோன் அழிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தார்கள். 1980 வாக்கில் ரொட்ரீக்ஸில் ஒரு பள்ளி மாணவன் கண்ணில் ஒற்றைச் செடி பட்டது. செய்தி பரவியதும் நாட்டு மருந்துக்கு என்று கிளையை ஒடிக்க ஆட்கள் வந்தார்கள். வேலி போட்டுக் காக்க வேண்டியதாயிற்று. 1986ல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பிய துண்டிலிருந்துதான் அந்த இனம் மறுபடி தலையெடுத்தது. இப்போது மருந்துக்கு ஒடிக்கிறவர்களை விட, போட்டோவில் இடத்தையும் சேர்த்துப் போடுகிறவர்களைக் கண்டுதான் எனக்குப் பயம். படம் போடுங்கள், போனில் லொக்கேஷனை அணைத்துவிட்டு.

கூட்டருகே போவது

போகாதீர்கள்.

குரங்குக்குப் பழம் போடுவது

களை எடுப்பு முடிந்து அப்படியே கங்கா தலாவ் புனித ஏரிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, மிச்சமிருந்த வாழைப்பழத்தைக் குரங்குக்கு நீட்டுகிறார்கள். பக்தியைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரங்கு இந்தத் தீவுக்கு 17ஆம் நூற்றாண்டில் மனிதன் கொண்டுவந்தது. புறாவின் முட்டையை எடுக்கும், பூர்வீக மரத்தின் காயைப் பழுக்கும் முன்பே கடித்துப் போடும். காலையில் காட்டுக்கு உழைத்து, மாலையில் எதிராளிக்குச் சோறு போட்ட கதை அது.

வவ்வாலைத் திட்டுவது

லிச்சிப் பழம் தின்கிறது, உண்மைதான். அதற்காக 2015ல் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல் கொன்றார்கள். 2018ல் அந்தப் பழந்தின்னி வவ்வால் ஆபத்துக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. நம் பெருமரங்களின் விதையைத் தூரத்துக்குத் தூக்கிப் போக இன்று மிஞ்சியிருப்பதில் அது முக்கியமான ஆள். வீட்டு மரத்துக்கு வலை போடுங்கள். வலைக்கண் சிறியதாக இருக்கட்டும், தொங்கவிடாமல் இழுத்துக் கட்டுங்கள். தொளதொள வலையில் சிக்கிய வவ்வாலை விடுவிக்க வெறுங்கையோடு போகாதீர்கள், கடிக்கும்.